உப்புக்கு முன் கணிப்பு வேண்டும்

குளிர்காலத்தில் ரொறன்ரோவைச் சுற்றியுள்ள வீதிகளில் உப்பு லொறி ஓட்டுகிறேன். "நாளைக்கு 10 சென்ரிமீற்றர் ஸ்னோ" என்று தொலைக்காட்சி சொன்னதும் வீட்டில் எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். எனக்கோ அந்தக் கணக்கால் பெரிய உபயோகமில்லை. இன்னும் இரண்டு மணித்தியாலத்தில் இந்தப் பாலத்தின் தார் எத்தனை பாகையில் இருக்கும்? அதுதான் எனக்குத் தெரிய வேண்டியது.

காற்று 2 பாகையில் நிற்கும்போதே வீதி உறைந்துவிடலாம். மேகமில்லாத இரவில் தார் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். பாலத்துக்குக் கீழேயும் குளிர்காற்றுத்தான் என்பதால் அது முதலில் உறையும். அதில் ஈரம் படிந்தால் பிளாக் ஐஸ். ஹெட்லைற் வெளிச்சத்தில் வெறும் நனைந்த தார் போலத்தான் தெரியும். லொறியின் பக்கக் கண்ணாடியோடு பொருத்திய உணரி வீதியின் வெப்பநிலையைக் காட்டும். அந்த எண் பூச்சியத்தை நெருங்கும்போது என் கால் தானாகவே பிரேக் பக்கம் போகும்.

உப்புக்கும் நேரம் தெரிய வேண்டும். மைனஸ் 10 பாகைக்குக் கீழே வெறும் உப்பைக் கொட்டி அதிகம் பலனில்லை. உப்புக் கரைசலை முன்கூட்டியே தெளித்தால் ஸ்னோ தாரில் இறுகி ஒட்டாது. ஆனால் முதலில் மழை வந்தால் எல்லாம் கழுவுண்டு போகும்.

2022 ஜனவரி 3இல் அமெரிக்காவின் வெர்ஜீனியாவில் இந்தச் சிக்கல்தான் வந்தது. மழையில் தொடங்கும் என்று தெரிந்ததால் ஐ-95 நெடுஞ்சாலையில் முன்கூட்டித் தெளிக்கவில்லை. மழை ஸ்னோவாக மாறி வேகமாகக் கொட்டியது. பாரவூர்திகள் குறுக்கே நின்றன; துப்புரவு வண்டிகளும் நெரிசலில் சிக்கின. நூற்றுக்கணக்கான வாகனங்கள் இரவு முழுக்க அங்கேயே நின்றன. செனட்டர் ரிம் கெய்ன் 27 மணித்தியாலம் வீதியில் கிடந்தார். மழை எந்த மணிக்கு ஸ்னோவாகும், எவ்வளவு வேகமாக விழும் என்பதில்தான் எல்லாமே தங்கியிருந்தது.

கணிப்பு கைகொடுக்காத இடத்தில் நாங்கள் செய்வது ஒன்றே: சந்தேகமா, இன்னும் கொஞ்சம் போடு. கனடா முழுவதும் ஆண்டுக்கு ஏறக்குறைய 50 இலட்சம் தொன் உப்பு வீதியில் விழுகிறது. அது சூழலுக்கு நஞ்சு என்று கூட்டாட்சி அரசின் மதிப்பீடு 2001இலேயே சொல்லிவிட்டது. ரொறன்ரோவின் ஸ்காபரோ வீதிகளில் நாங்கள் போடும் உப்பு ஹைலண்ட் கிறீக் வழியாக ஒன்ராறியோ ஏரிக்குத்தான் போகிறது. கரைந்த குளோரைட்டை அங்கிருந்து திரும்ப எடுக்க வழியில்லை.

மாகாண நெடுஞ்சாலைகளில் தாருக்குள் உணரி புதைத்த வீதி வானிலை நிலையங்கள் இருக்கின்றன. அவை நகரப் பாலங்களுக்கும் சரிவுகளுக்கும் பரவலாக வர வேண்டும். ராடர் படத்தையும் வீதி வெப்பநிலையையும் சேர்த்துப் பார்த்து, இரவு முழுக்க மணிக்கு மணி கணிப்பைத் திருத்தி எங்களுக்குச் சொல்ல ஒரு வானிலையாளர் வேண்டும். அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் கூடுதல் உப்புக்கு ஒதுக்குமுன், மாநகரசபைகள் இதற்குப் பணம் ஒதுக்கட்டும்.