ஒருசாலை மாணாக்கர்

ஓர் ஆசிரியரிடம் உடனமர்ந்து பயின்றவர்களை ‘ஒருசாலை மாணாக்கர்’ என்று குறிப்பது தமிழ் மரபு. தொல்காப்பியத்துக்குச் சிறப்புப் பாயிரம் செய்த பனம்பாரனார், தொல்காப்பியருடன் பயின்ற ஒருசாலை மாணாக்கர் என்று உரையாசிரியர்கள் கூறுவர். ஒரு நூலுக்குப் பாயிரம் செய்யத் தக்கவர்களை வரிசைப்படுத்தும் நன்னூலும், ஆசிரியருக்கு அடுத்தபடியாக உடன் கற்றவரையே வைக்கிறது. ஒருவரை உள்ளபடி அறிந்தவர் அவரல்லவா?

இன்று எழுபதைக் கடந்தோர் பலருக்குப் பெற்றோர் இல்லை, ஆசிரியர்களும் இல்லை. இருபது வயதில் அவர்கள் எப்படி இருந்தார்கள் என்பதை அறிந்தவர்கள் கல்லூரித் தோழர்களே. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அத்தோழர்களை ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட முடிகிறது. காலை வணக்கமும் கோபுர தரிசனமும் நாள்தோறும் வருகின்றன. ஆயினும், வகுப்பில் இருந்த சிலரது பெயர் அக்குழுவில் இருப்பதில்லை. முகவரி தெரியாதது ஒரு காரணம். கூச்சம் மற்றொரு காரணம். ‘எல்லோரும் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவர்களிடம் நாம் என்ன சொல்லிக்கொள்வது?’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள்.

இந்தக் கூச்சம் குசேலருக்கும் இருந்தது. அவந்தியில் சாந்தீபனி முனிவரிடம் கண்ணனும் குசேலரும் ஒன்றாகப் பயின்றனர். பின்னாளில் ஒருவர் துவாரகையின் நாயகன்; மற்றவர் கந்தலுடுத்திய ஏழை அந்தணர். மனைவி பலமுறை வற்புறுத்திய பிறகே குசேலர் புறப்பட்டார். அண்டை வீடுகளில் கேட்டுப் பெற்ற நான்கு பிடி அவலை அவ்வம்மையார் துணியில் முடிந்து கொடுத்தார். அதை நீட்டவும் நாணித் தலை குனிந்தார் குசேலர்.

கண்ணன் செய்தது என்ன? தொலைவில் கண்டதுமே எழுந்து ஓடி வந்து தழுவினார். தம் மஞ்சத்தில் அமர்த்தித் திருவடி விளக்கினார். பிறகு குருகுல நாட்களைப் பற்றிப் பேசினார். குருபத்தினிக்காக இருவரும் விறகு பொறுக்கச் சென்ற நாளில் காலமல்லாக் காலத்தில் புயலும் மழையும் வந்ததையும், மேடு பள்ளம் தெரியாத இருளில் ஒருவர் கையை மற்றவர் பற்றியபடி காட்டில் அலைந்ததையும், பொழுது விடிந்ததும் குருநாதர் தேடி வந்து வாழ்த்தியதையும் நினைவூட்டினார். ‘உன் வருவாய் என்ன?’ என்று அவர் கேட்கவில்லை. அவல் முடிச்சைக்கூடத் தாமே எடுத்துக்கொண்டார்.

மகாபாரதத்தில் துருபதன் இதற்கு மாறாக நடந்தான். பரத்வாஜ முனிவரின் ஆசிரமத்தில் தன்னுடன் பயின்ற துரோணர் வறுமையால் நாடி வந்தபோது, அரசனுக்கும் ஏழைக்கும் நட்பு ஏது என்று இகழ்ந்தான். அந்த ஒரு சொல்லில் தொடங்கிய பகை குருக்ஷேத்திரத்தில் இருவரையும் மாய்த்த பின்னரே ஓய்ந்தது.

ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர், குழுவில் சேராத தம் விடுதித் தோழரைக் காண ஒரு சிற்றூருக்குச் சென்றார். ‘அடுத்த மாதம் போகலாம்’ என்று பலமுறை தள்ளிப்போட்ட பயணம் அது. அரிசி மண்டியில் கணக்கெழுதிக் காலம் கழித்த அந்தத் தோழர் திண்ணையில் அமர்ந்திருந்தார். வந்தவரின் குரலைக் கேட்டதும், “பதினேழாம் நம்பர் அறைதானே?” என்றார். கைகளைப் பற்றிக்கொண்டு, “போன வருஷம் வந்திருந்தால் உன் முகத்தையும் பார்த்திருப்பேனடா” என்றார். அவருக்குப் பார்வை போய்ச் சில மாதங்களே ஆகியிருந்தன. அன்று மாலைவரை இருவரும் விடுதிச் சமையலையும் தேர்வு நாட்களையும் பற்றியே பேசினர். பதவி, வீடு, பிள்ளைகளின் ஊதியம் எதுவும் பேச்சில் வரவில்லை.

வசதியாக வாழ்பவரே முதலில் எழுந்து செல்ல வேண்டும் என்பதைக் கண்ணன் காட்டியிருக்கிறார். நேரில் செல்ல இயலாதவர் தொலைபேசியில் அழைக்கலாம். காது மந்தமானவருக்கு ஓர் அஞ்சலட்டை போதும்; பேரப்பிள்ளைகள் படித்துக் காட்டுவார்கள்.

குருவாயூரில் தனுர் மாதத்தின் முதல் புதன்கிழமை குசேலர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அன்று பக்தர்கள் குருவாயூரப்பனுக்கு அவல் சமர்ப்பிக்கிறார்கள். அந்த அவலில் ஒரு பிடியை, நெடுநாளாகப் பார்க்காத ஒருசாலை மாணாக்கர் ஒருவரின் வீட்டுக்கும் எடுத்துச் சென்றால், குருவாயூரப்பன் மனம் மகிழ்வான்.