எடைக் குறைப்பு டப்பாக்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள்



நாங்கள் தமிழ்நாட்டு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் வேலை பார்க்கும் உணவியலாளர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள். உடம்பை இளைக்க வைப்பதாகச் சொல்லி விற்கும் பொடி, மாத்திரை, டீ பாக்கெட் எதையும் வாங்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறோம்.

எடை கூடுவது கவலைப்பட வேண்டிய விஷயம்தான். 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் 40 சதவீதம் பேரும் ஆண்களில் 37 சதவீதம் பேரும் அதிக எடையோடு இருந்தார்கள். இந்தக் கவலையை நம்பித்தான் வியாபாரம் நடக்கிறது. '30 நாளில் 10 கிலோ' என்று மின்கம்பத்தில் ஒட்டுகிறார்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறார்கள். பல நேரம் விற்பவர் நமக்குத் தெரிந்த அக்காவாகவே இருக்கிறார். அவர் மேல் எங்களுக்குக் கோபமில்லை. முன்பணம் கட்டிச் சரக்கெடுத்து, அதை விற்று முடிக்க வேண்டிய நெருக்கடியில் அவரும் இருக்கலாம்.

இளைக்க வைக்கும் டீ பாக்கெட்டைத் திருப்பி, பின்பக்கப் பொடி எழுத்தைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 'சென்னா' என்றிருக்கும். நம் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமையில் விளைந்து வெளிநாடு போகும் நிலாவாரைதான் அது. மலச்சிக்கலுக்குச் சில நாள் சாப்பிட நல்ல மருந்து. ஆனால் சாப்பாட்டின் சத்தும் கொழுப்பும் சிறுகுடலிலேயே உடம்பில் சேர்ந்துவிடுகின்றன. நிலாவாரை வேலை செய்வது அதற்குப் பிறகு வரும் பெருங்குடலில். வெளியேறுவது தண்ணீரும் உப்புச்சத்தும்தான். மறுநாள் எடை குறைந்து தெரியும். வயிறாரத் தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும். வாரக்கணக்கில் குடித்தால் பொட்டாசியம் குறையும், கெண்டைக்கால் இழுக்கும், இதயத் துடிப்பு தடுமாறும். ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

குடம்புளி கேப்ஸ்யூலும் அப்படித்தான். 1998-இல் அமெரிக்காவில் 135 பேரை வைத்து 12 வாரம் சோதித்ததில், அதைச் சாப்பிட்டவர்கள் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிடக் கூடுதலாக இளைக்கவில்லை. கல்லீரல் பாதிப்பு வந்ததாகப் பல நாடுகளில் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன் குழம்பில் போடும் இரண்டு சுளைக்கு யாரும் பயப்பட வேண்டாம். செறிவூட்டிய சாற்றைக் கேப்ஸ்யூலில் அடைத்து மாதக்கணக்கில் விழுங்குவதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

டப்பாவில் எழுதாததுதான் இன்னும் மோசம். சிபுட்ரமின் என்ற பசியடக்கும் மருந்து மாரடைப்பு, பக்கவாத ஆபத்தைக் கூட்டுவதால் இந்தியாவில் 2011-இல் தடை செய்யப்பட்டது. 'முழுக்க முழுக்க மூலிகை' என்று விற்ற பொருட்களுக்குள் அதே மருந்து ஒளிந்திருந்ததை அமெரிக்க அதிகாரிகள் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

உடல் பருமனைத் தீர்க்கும் மருந்து என்று விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஆனால் இந்த டப்பாக்களில் பல உணவு என்ற பெயரில் வருகின்றன. டப்பாவில் 14 இலக்க உணவு உரிம எண் இருந்தால், விற்க அனுமதி உண்டு என்றுதான் பொருள்; எடை குறையும் என்று அரசு சான்று தந்ததாக ஆகாது.

அப்படியானால் என்னதான் செய்வது? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை ஏறத்தாழ மூன்றாண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரைமணி வேகமாக நடந்து, சர்க்கரையையும் எண்ணெயையும் குறைத்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் அவர்களின் சராசரி எடை பெரிதாகக் குறையவில்லை! எடை மெஷின் முள் அசையவில்லையே என்று நடையை நிறுத்திவிடுகிறவர்கள் இதைத் தயவுசெய்து யோசித்துப் பாருங்கள். அந்த முள்ளுக்குத் தெரியாத நன்மை உள்ளே நடந்துகொண்டிருக்கிறது.

எனவே முதலில் இடுப்பை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டையும் பரிசோதியுங்கள். சாதத்தைப் பாதியாக்கி, காயையும் பருப்பையும் இரட்டிப்பாக்குங்கள். சுண்டல், முட்டை, மீன், மோர் என வசதிப்பட்டது இருக்கட்டும். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் வீதம் நாளுக்கு நாலு டீ என்றால் 40 கிராம் சர்க்கரை, அங்கிருந்தே தொடங்கலாம். திடீரென்று எடை ஏறினால் தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி, ஸ்டீராய்டு மாத்திரை என்று காரணம் வேறாக இருக்கலாம். அதை மருத்துவர்தான் பார்க்க வேண்டும். செமாக்ளுடைடு, டிர்செபடைடு ஊசிகள் பலன் தரும் உண்மையான மருந்துகள்தான். ஆனால் அவற்றை ஜிம்மிலோ நண்பரிடமோ வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

உறவினர்களிடம் ஒன்று கேட்கிறோம். 'கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் இளைச்சிடும்மா' என்று எந்தப் பெண்ணிடமும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் தாங்காமல் டப்பாவைத் தேடிப் போன பிள்ளைகளை எங்கள் வார்டுகளில் பார்க்கிறோம்.

ஏற்கெனவே இந்தப் பொடி, மாத்திரை, டீயைச் சாப்பிடுகிறவர்கள் இன்றே நிறுத்திவிடுங்கள். டப்பாவைத் தூக்கிப் போட வேண்டாம். கண் மஞ்சளாவது, சிறுநீர் அடர்ந்த நிறத்தில் போவது, படபடப்பு, மயக்கம் இவற்றில் ஏதாவது இருந்தால் டப்பாவோடு மருத்துவரிடம் போங்கள். திட்டுவாரோ என்று மறைக்காதீர்கள். மருந்துப் பக்கவிளைவுகளைத் தெரிவிக்க 1800 180 3024, பொய் விளம்பரம் பற்றிப் புகார் செய்ய 1915. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஊர் மருத்துவமனைகளில் பணியாற்றும் உணவியலாளர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள்