சாட்சிக் கையெழுத்து



குருவானவரின் கையெழுத்துக்கு நம் மக்களிடையே ஒரு மதிப்பு உண்டு. திருமுழுக்குச் சான்றிதழ் முதல் பள்ளி விண்ணப்பம் வரை எத்தனையோ தாள்களில் நான் கையெழுத்திட்டிருக்கிறேன். அவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் என் மனச்சாட்சியை உறுத்துகிறது.

அது 2004-ஆம் ஆண்டு. நான் குருப்பட்டம் பெற்று ஆறு ஆண்டுகளே ஆகியிருந்தன. என் பங்கைச் சேர்ந்த கொத்தனார் ஒருவர், ஒரு கிடங்குக் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்தபோது சாரம் முறிந்து விழுந்து இறந்தார். வயது முப்பத்தைந்து. மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் இருந்தனர். ஏழாம் நாள் திருப்பலி முடிந்த மாலையில், கட்டட ஒப்பந்தக்காரர் அந்த விதவையையும் அவளுடைய அண்ணனையும் அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்திற்கு வந்தார். அவர் தீயவர் அல்லர். திருவிழாவுக்குத் தாராளமாக உதவுபவர். அடக்கச் செலவையும் அவரே ஏற்றிருந்தார். இருபத்தையாயிரம் ரூபாயை மேசைமேல் வைத்துவிட்டு, முத்திரைத்தாள் ஒன்றையும் நீட்டினார். இத்தொகையைப் பெற்றுக்கொண்டு, இனி எவ்வித உரிமையும் கோருவதில்லை என்பது அதன் சாரம்.

"அவன் கொஞ்சம் கவனமா கால் வச்சிருக்கலாம் சாமி. இருந்தாலும் மனசு கேக்கல" என்றார் அவர்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். "சாமி, நீங்க சொன்னாச் சரி" என்றாள்.

நான் தலையசைத்தேன். அவள் பெருவிரல் ரேகை வைத்தாள்; அதன் கீழே நான் சாட்சிக் கையெழுத்திட்டேன். சமாதானம் செய்துவைத்த நிறைவோடு அன்றிரவு உறங்கச் சென்றேன்.

ஒன்றரை ஆண்டுகள் சென்றபின் அவள் மீண்டும் வந்தாள். மூத்த மகனை அநாதை விடுதியில் சேர்த்துவிட ஒரு கடிதம் வேண்டும் என்றாள். சித்தாள் வேலைக்குப் போய் இரண்டு வயிறுகளை நிரப்ப இயலவில்லையாம். தந்தையை இழந்த பிள்ளை தாயையும் பிரியவேண்டுமா என்னும் வருத்தத்தில், எனக்குப் பழக்கமான வழக்கறிஞர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் கேட்டவை இரண்டே கேள்விகள்: "வயது என்ன? மாதச் சம்பளம் எவ்வளவு?" சம்பளம் ஏறத்தாழ மூவாயிரம் என்றேன். ஒரு கடித உறையின் பின்புறத்தில் கணக்கிட்டுக் காட்டினார். சம்பளத்தில் பாதி 1,500. முப்பத்தைந்து வயதுக்குச் சட்டம் வகுத்த எண் 197.06, இரண்டையும் பெருக்கினால் 2,95,590 ரூபாய். நான் சாட்சியாக நின்று பெற்றுத் தந்ததோ அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை!

தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் 1923-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. வேலையின் காரணமாகவும் வேலையின் போதும் நேர்ந்த விபத்து என்றால் நட்டஈடு தரவேண்டியது முதலாளியின் கடமை. உயிரே போய்விட்டபின், அவன் கவனமாய் இருந்தானா இல்லையா என்று அச்சட்டம் கேட்பதில்லை. உரிமையை விட்டுக்கொடுப்பதாக எழுதிய ஒப்பந்தம் செல்லாது. மேலும், இறந்தவருக்குரிய தொகையை ஆணையரிடமே செலுத்தவேண்டும். மூன்று மாதச் சம்பளம் வரையிலான முன்பணம் நீங்கலாக, விதவையின் கையில் நேரே கொடுத்தது நட்டஈடாகக் கொள்ளப்படாது. மனுவை இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்கவேண்டும். நல்லவேளையாக எங்களுக்கு ஆறு மாதங்கள் மீதம் இருந்தன.

மனு செய்தோம். விசாரணை நாளன்று தொழிலாளர் துணை ஆணையரின் முன் அதே முத்திரைத்தாள் எடுத்து வைக்கப்பட்டது. "இது உங்கள் கையெழுத்துத்தானா?" என்று கேட்டார்கள். "ஆம், அறியாமல் இட்டேன்" என்றேன். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பிறருடைய குற்றங்களைக் கேட்டுப் பழகிய எனக்கு, பலர் முன்னிலையில் என் குற்றத்தைச் சொல்வது எளிதாய் இருக்கவில்லை. உத்தரவு வர ஓராண்டுக்கு மேலாயிற்று. தொகை கிடைத்தது, பிள்ளைகளின் பங்கு அவர்கள் வயதுக்கு வரும்வரை வங்கியில் வைக்கப்பட்டது. மகன் வீட்டிலிருந்தே படித்தான். ஒப்பந்தக்காரர் மட்டும் நெடுநாள் என்னோடு பேசவில்லை. அதுவும் நியாயமே, முதலில் அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை அல்லவா?

அன்பானவர்களே, இரக்கம் உயர்ந்த புண்ணியம். ஆனால் நீதிக்குரிய இடத்தில் இரக்கத்தை வைத்து மூடக்கூடாது. பிறரைக் காயப்படுத்தியவன், அவன் வேலை இழந்த நாள்களுக்கும் வைத்தியத்துக்கும் ஈடு செய்யவேண்டும் என்று யாத்திராகமம் 21-ஆம் அதிகாரமே விதிக்கின்றது. உரியதைக் கொடுப்பது தருமம் அன்று, கடன்.

1923-ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. அது 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளும், வேலையோடு தொடர்புடையனவாயின், இதில் சேரும். ஈ.எஸ்.ஐ. காப்பீடு பெற்றவர்களுக்கு அந்தக் கழகமே உதவித்தொகை வழங்கும்.

ஆகவே, உங்கள் குடும்பத்தில் எவரேனும் கூலி வேலைக்குச் செல்வாராயின் சிலவற்றை மறவாதீர்கள். சம்பளத்துக்குச் சான்றாக ஏதேனும் ஒரு சீட்டையோ வங்கிக் கணக்கையோ வைத்திருங்கள். கட்டடத் தொழிலாளராயின் நல வாரியத்தில் பதிவு செய்து, பதிவைப் புதுப்பித்து வாருங்கள். விபத்து நேர்ந்தால் மருத்துவமனையில், வேலையிடத்தில் நேர்ந்தது என்பதைத் தவறாமல் பதிவு செய்யச் சொல்லுங்கள். துக்க வீட்டில் நீட்டப்படும் எந்தத் தாளிலும் உடனே கைநாட்டு வைக்காதீர்கள். அதைக் கொண்டுவருபவர் பங்குத்தந்தையே ஆயினும் சரி.

சென்ற ஆண்டு எங்கள் கோயிலின் சுற்றுச்சுவரைப் பழுதுபார்க்க மேஸ்திரி ஒருவரை அழைத்தேன். ஆட்களுக்குக் காப்பீடு உண்டா என்று கேட்டேன். "ஒரு சுவருக்கா சாமி?" என்று சிரித்தார். "சுவருக்கு இல்லை ஐயா, சாரத்தின்மேல் நிற்கிறவருக்கு" என்றேன். காப்பீட்டுச் சீட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகே முன்பணம் கொடுத்தேன்.