பழைய படம்தானே என்று சிரிக்காதீர்கள்



போன வாரம் பேரனுக்கு ‘சதி லீலாவதி’ கதையைச் சொன்னேன். 1936-ல் வந்த பேசும் படம். எம்.ஜி.ஆருக்கு அதுதான் முதல் படம். சின்னதாக ஒரு இன்ஸ்பெக்டர் வேடம். கதாநாயகன் எம்.கே.ராதா. கதை எஸ்.எஸ்.வாசன் எழுதியது. இயக்கியவர் தமிழே தெரியாத அமெரிக்கர், எல்லிஸ் ஆர். டங்கன்.

குடிக்குப் பழகிய ஒருவன், போதையில் நண்பனைச் சுட்டுக் கொன்றுவிட்டதாக நம்பி, பெண்டாட்டி பிள்ளையை விட்டுவிட்டு இலங்கைக்கு ஓடுகிறான். அங்கே தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை. “போலீசுக்குப் பயந்தா கடல் தாண்டியா ஓடுவாங்க தாத்தா? எல்லாம் சினிமாக் கதை” என்று சிரித்தான் பேரன்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து கங்காணிகள் கூட்டிப்போன ஜனம் கொஞ்சநஞ்சமல்ல. மண்டபம் முகாமில் தங்கவைத்து, தனுஷ்கோடியில் கப்பலேற்றி, தலைமன்னாரில் இறக்குவார்கள். என் தாத்தாவின் தம்பியும் அப்படிப் போனவர்தான். காரணம் கள்ளுக்கடைக் கடன். இரண்டு கடிதம் வந்தது, பிறகு ஒன்றுமில்லை. சின்னப்பாட்டி சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை. அவருக்கு அது சினிமாக் கதையா?

இன்னொன்றும் கவனியுங்கள். அந்தப் படம் வந்த மறு வருஷம், 1937 அக்டோபர் 1-ல், ராஜாஜி மதுவிலக்கை முதலில் கொண்டுவந்தது நம் சேலம் மாவட்டத்தில்தான். நாமக்கல் அப்போது சேலத்தோடு சேர்ந்தது. குடி எத்தனை வீட்டைக் கெடுத்தது என்பதை அரசாங்கமும் சினிமாவும் ஒரே காலத்தில் பேசியிருக்கின்றன. மிகைநடிப்பு, அழுகை, நம்ப முடியாத திருப்பம் எல்லாம் இருக்கும்தான். ஆனால் பாடப்புத்தகம் எழுதாமல் விட்டதை இப்படிப்பட்ட படங்கள்தான் சொல்லின என்பது என் கருத்து.

என் தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 1964 சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு தாயகம் திரும்பிய குடும்பத்துப் பையன் ஒருவன் என் வகுப்பில் படித்தான். வருகைப் பதிவேட்டில் அழகான பெயர் இருக்க, நானும் மற்றவர்களைப் போல “ஏய் சிலோன்காரா” என்றே கூப்பிட்டேன். அவன் தாத்தா எந்த ஊரிலிருந்து போனார் என்று ஒருநாள்கூடக் கேட்டதில்லை. பக்கத்து ஊராகவே இருந்திருக்கலாம். தம்பி, இதைப் படித்தால் மன்னித்துவிடு.

முதல் தமிழ்ப் பேசும் படம் ‘காளிதாஸ்’ பிரதியே இன்று இல்லை. நம் மாடர்ன் தியேட்டர்ஸில் மிஞ்சியது முகப்பு வளைவு மட்டும். வீட்டுப் பெரியவர்களின் ஞாபகமாவது மிஞ்சட்டும். உங்கள் குடும்பத்தில் கடல் தாண்டிப் போனவர் யார், ஏன் போனார் என்று இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதி வையுங்கள். நான் கேட்கத் தவறியதை நீங்களாவது கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்