மூன்றாமடி எங்கே?

உமர் கையாம் என்றதும் நம்மவரிடையே எழுவது ஒரே தர்க்கந்தான். அவர் பாடியது கிண்ணத்து மதுவா, இறைகாதல் என்னும் மதுவா? ஒரு சாரார் அவரைக் குடிகாரர் என்பர். மறுசாரார் சூபி என்பர். இரு சாராரும் அந்த நாலடியை எண்ணிப் பார்ப்பதில்லை. வாழ்வைப் பற்றிய எண்ணம் வேறு, யாப்பு வெறும் சட்டை என்ற நினைப்பே இதற்குக் காரணம். இதை நான் ஏற்கமாட்டேன்.

பாரசீக றுபாயியில் ஓரடிக்கு 20 மாத்திரை. நெடிய அசைக்கு இரண்டு, குறியதற்கு ஒன்று. இரு குறிய அசைகளின் இடத்தில் ஒரு நெடியது வரலாம், 20 மாறாது. முப்படிச் சமன்பாடுகளைத் தீர்த்த கணித மேதையின் பெயரில் வழங்கும் பாக்களல்லவா! முதலாம், இரண்டாம், நாலாம் அடிகள் ஈற்றில் இயைபு கொள்ளும். மூன்றாமடி பெரும்பாலும் கொள்ளாது. காது எதிர்பார்த்த ஓசை கிடைக்காமல் ஒரு கணம் அந்தரத்தில் நிற்கும். நாலாமடி வந்துதான் அதைத் தரையிறக்கும்.

1859இல் இவற்றை ஆங்கிலத்தில் தந்த பிட்ஸ்ஜெரால்ட் மாத்திரைக் கணக்கை விட்டார். பத்து அசை கொண்ட அடியைக் கையாண்டார். இயைபு ஒழுங்கை மட்டும் விடவில்லை. மரநிழல், ரொட்டி, மது, கவிதைநூல், துணை என்று வரும் பிரசித்தமான பாட்டைப் பாருங்கள். மூன்றாமடி 'வனாந்தரம்' எனப் பொருள்படும் சொல்லில் முடிகிறது. ஊருக்கும் வெளியே, இயைபுக்கும் வெளியே. நாலாமடி அதே சொல்லை எடுத்து, வனாந்தரத்தைச் சுவர்க்கமாக்கி, பழைய ஓசைக்குத் திரும்புகிறது. இங்கே யாப்பா சட்டை?

ஆங்கிலவழி அதைத் தமிழாக்கிய கவிமணியோ நாலடிக்கும் ஒரே எதுகை வைத்தார். ஈற்றிலும் ஒரே வினைமுற்றை அடுக்கினார். கம்பனையும் வனத்துக்கு அழைத்து வந்தார். பாட்டு இனிக்கிறது, யார் மறுப்பார்? ஆனால் மூன்றாமடி மற்றவற்றோடு கைகோத்துப் போய்விட்டது. கடைசி வினா ஒன்றே திருப்பத்தைக் காப்பாற்றுகிறது.

எதுகை தமிழின் இயல்பு, என்ன செய்வது என்பார்கள். விருத்தம் என்று சொல்லிக்கொண்டால் எனக்கும் ஆட்சேபமில்லை. றுபாயி என்று தலைப்பிட்டால்தான் கேட்க வேண்டியிருக்கிறது. இருவிகற்ப நேரிசை வெண்பாவில் மூன்றாமடியில் எதுகை மாறுகிறதே! நம் யாப்பு அறியாத வித்தையல்ல இது. மூன்றாமடியின் எதுகையையும் இயைபையும் அவிழ்த்துவிட்டு, நாலாமடியில் முதலடியின் ஓசைக்குத் திரும்ப என்ன தடை?

நாலு வரியை மடக்கிப் போட்டு றுபாயி என்று சஞ்சிகைகளுக்கு அனுப்பும் அன்பர்கள் அதை ஒருமுறை செய்து பார்க்கட்டும். மது ஹலாலா ஹராமா என்ற பஞ்சாயத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.