ஆனதையெல்லாம் செய்தோமா?

துக்க வீடுகளில் நாம் தவறாமல் கேட்கும் சொல் ஒன்றுண்டு: "எங்களால் ஆனதையெல்லாம் செய்துவிட்டோம், சாமி." குருவாகப் பணியேற்ற நாள்முதல் இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாக இதைக் கேட்டு, தலையசைத்து, ஆறுதல் கூறித் திரும்பியிருக்கிறோம். இன்று அந்தச் சொல்லை எதிர்த்தே எழுதத் துணிகிறோம். ஆனதையெல்லாம் செய்தார்கள் என்பது மெய்தான். ஆகாததையும் செய்தார்கள் என்பதே நம் வருத்தம். அவையெல்லாம் யாருக்காகச் செய்யப்பட்டன?

கொல்லிமலையில் திருப்புலி நாட்டைச் சேர்ந்த ஒரு தாயை நினைத்துக்கொள்கிறோம். அவருக்குப் புற்றுநோய். இது இனித் தீரும் நோயன்று என்று சமவெளியில் மருத்துவர் ஒருவர் மகனிடம் தெளிவாகவே கூறிவிட்டார். ஆயினும், 'பெற்றவளைப் பார்க்காமல் விட்டுவிட்டான்' என்று பங்காளிகள் பேசுவார்களே என்று மகன் அஞ்சினார். மிளகுக் கொடி படர்ந்த நிலத்தை ஒற்றி வைத்தார். காரவள்ளியிலிருந்து மேலேறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஆறு மாதங்களில் ஏழு முறை அத்தாயை அவ்வழியே இறக்கினார்கள். ஒவ்வொரு வளைவிலும் உடல் சரிய, மகளின் மடியில் தலைவைத்து அவர் முனகினார். ஏழாம் முறை இறங்கியவர் உயிரோடு திரும்பவில்லை. குழாய்களுக்கிடையே, பிள்ளைகள் கதவுக்கு வெளியே நிற்க, தனியே கண்மூடினார். பலாமரம் தெரியும்படி வீட்டுத் திண்ணையில் படுத்திருக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தாராம். அடக்கம் முடிந்த பிறகுதான் மகள் இதை நம்மிடம் சொன்னார்.

இதில் நம் பங்கையும் மறைக்கலாகாது. ஐந்தாம் முறை இறங்குமுன் மகன் நம்மிடம் ஆலோசனை கேட்டார். "முயற்சியைக் கைவிட வேண்டாம், கடவுள் புதுமை செய்வார்" என்றோம். கேட்பவருக்கு அது விசுவாசமாக ஒலித்திருக்கும். உண்மையைச் சொல்லும் துணிவு நமக்கு இல்லாமற்போனதே அதன் காரணம். நோயாளியைக் கேட்டீர்களா என்ற ஒரே கேள்வியை நாம் கேட்டிருந்தால், அத்தாய் தம் திண்ணையில் இறந்திருப்பார்.

சிகிச்சையை நிறுத்துவது பாவமல்லவா என்று நல்ல உள்ளங்கள் கலங்குகின்றன. திருச்சபை இதற்கு என்றோ விடை தந்துவிட்டது. நோயாளிக்குப் பெருஞ்சுமையாகும் அசாதாரண வழிகளைக் கையாளும் கடமை எவருக்கும் இல்லை என்று திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1957ஆம் ஆண்டில் மருத்துவர்களிடம் விளக்கினார். 1980ஆம் ஆண்டில் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயமும், 1995ஆம் ஆண்டில் 'வாழ்வின் நற்செய்தி' சுற்றுமடலும், 2020ஆம் ஆண்டில் நல்ல சமாரியரின் பெயர் தாங்கி வந்த ஆவணமும் அதையே உறுதிப்படுத்தின. அச்சுற்றுமடலை எழுதிய இரண்டாம் அருள் சின்னப்பர் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் நாள் எங்கே இறந்தார்? மீண்டும் மருத்துவமனைக்குச் செல்லாமல், தம் அறையில், தம்மவர் சூழ, செபங்களின் நடுவே இறந்தார். அவரைக் கைவிட்டார்கள் என்று எவரேனும் சொன்னதுண்டா?

உயிரைப் பறிப்பதற்கு இங்கே இடமில்லை. தென்மாவட்டங்கள் சிலவற்றில், தீரா நோயுற்ற முதியோருக்கு எண்ணெய் முழுக்காட்டி, இளநீர் புகட்டி உயிரை முடிக்கும் 'தலைக்கூத்தல்' கொடுமை 2010ஆம் ஆண்டில் செய்தித்தாள்களில் வெளிவந்து நாட்டை அதிரவைத்தது. அது கொலையே, எந்தக் கருணையும் அதை வெளுக்காது. ஆனால் ஒன்றைச் சிந்திப்போம். சாகவிடாமல் வதைப்பதும், சாகடித்து முடிப்பதும் எதிரெதிர்த் திசைகளில் இருப்பன போலத் தோன்றும். இரண்டும் முளைப்பது ஒரே நிலத்தில்: வலியால் துடிப்பவர் அருகே அமர்ந்து அவ்வலியைத் தணிக்க ஆளில்லாத வீட்டில்.

வலியைத் தணிப்பதா? துன்பம் கடவுளின் கொடையல்லவா என்பார் சிலர். அவர்களுக்குக் கொல்லிமலையே விடையளிக்கும். நம் சபையைச் சாராத மறைபோதகர் ஜெஸ்ஸி பிராண்ட் இம்மலையில் உழைத்து, 1929ஆம் ஆண்டில் காய்ச்சலுக்கு இரையானார். 1914ஆம் ஆண்டில் பிறந்து இம்மலையில் வளர்ந்த அவருடைய மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரிடையே பணியாற்றினார். உணர்ச்சியற்ற விரல்கள் காயம்பட்டுச் சிதைவதைக் கண்டு, வலி உடலைக் காக்கும் கொடை என்று உலகுக்கு எடுத்துரைத்தவர் அவரே. ஆம், வலி ஓர் எச்சரிக்கை மணி. தீ பிடித்தது எல்லாருக்கும் தெரிந்த பிறகும் மணியை அடித்துக்கொண்டே இருப்பதில் என்ன கொடை? தம் துன்பத்தை ஆண்டவரின் பாடுகளோடு ஒப்புக்கொடுக்க நோயாளிக்கு உரிமை உண்டு. அவர் சார்பில் ஒப்புக்கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

மார்ஃபின் என்றதும் நம் வீடுகள் நடுங்குகின்றன. மருத்துவர் அளவறிந்து கொடுக்கும் மார்ஃபின், நோயாளியைப் போதைக்கு அடிமையாக்கவும் கொல்லவும் வந்ததன்று. வலி தணிக்கும் மருந்தை ஏற்பது அறநெறிக்கு முரணன்று என்பதும் 1957ஆம் ஆண்டிலேயே திருத்தந்தை கூறியதுதான். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் அம்மருந்தைப் பூட்டி வைத்தது. 2014ஆம் ஆண்டின் திருத்தம் அப்பூட்டைத் தளர்த்தியது. நம் மனப்பூட்டு இன்னும் தளரவில்லை.

இனி, எப்போது என்ற கேள்விக்கு வருவோம். நோயில்பூசுதல் அருள்சாதனத்தை நாம் என்ன பாடுபடுத்தினோம் என்பதை எண்ணிப் பாருங்கள். அது சாகும் தறுவாயில் உள்ளோர்க்கு மட்டும் உரியதன்று என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டிலேயே அறிவித்தது. இன்னமும் நம்மவர் மூச்சிழுக்கத் தொடங்கிய பின்னரே குருவைத் தேடி ஓடிவருகின்றனர். முன்பே அழைத்தால் நோயாளி பயந்துவிடுவாராம்! வலி தணிப்புப் பராமரிப்பையும் அப்படியே கடைசி மணித்துளிக்குத் தள்ளிவைக்கிறோம். அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடையே நடந்து 2010ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று, தொடக்கத்திலிருந்தே இப்பராமரிப்பையும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டரை மாதம் கூடுதலாக வாழ்ந்தனர் என்று காட்டியது. துயரமும் அவர்களிடம் குறைவாக இருந்தது.

ஆகவே, தீராத நோய் என்று மருத்துவர் சொன்ன அன்றே வலி தணிப்புத் தொடங்கவேண்டும். சிகிச்சை ஒருபுறம் தொடரலாம். அச்சிகிச்சை நன்மையைவிட வேதனையையே மிகுதியாகத் தரும்போது, மருத்துவமனைக்குப் போவதும் வருவதுமாகவே நாட்கள் கழியும்போது, "போதும், வீட்டிற்குப் போகலாம்" என்று நோயாளி சொல்லும்போது, வேளை வந்துவிட்டது. அப்போது நிறுத்த வேண்டியது பயனற்ற மருத்துவத்தை மட்டுமே. உடல் ஏற்கும்வரை உணவும் நீரும், தூய்மையும் தொடுகையும், நற்கருணையும் தொடரவேண்டும்.

"சொல்வது எளிது சாமி, மலையுச்சியில் யார் வந்து பார்ப்பார்?" என்பீர்கள். நியாயமான கேள்வி. 1986ஆம் ஆண்டில் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா சதன் போன்ற இல்லங்கள் மலையூர்களுக்கு எட்டாதவை. ஆனால் கோழிக்கோட்டில் 1993ஆம் ஆண்டில் தொடங்கிய இயக்கத்தைப் பாருங்கள். பயிற்சி பெற்ற அண்டை வீட்டாரே நோயாளியின் வீடு தேடிச் செல்லும் வழக்கம் அதிலிருந்து கேரளமெங்கும் பரவியது. நம் மாநிலத்திலும் 2021ஆம் ஆண்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீடு தேடி வரும் நோய் ஆதரவுச் சிகிச்சை சேர்க்கப்பட்டது. அது உங்கள் ஊர்ப் படுக்கை நோயாளியைத் தேடி வருகிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டதுண்டா? கொடிமரத்திற்கும் தேர்ப்பவனிக்கும் கூட்டம் போடும் நம் பங்குப் பேரவைகள், படுக்கையில் கிடப்போர் பட்டியலை ஒருமுறையேனும் வாசித்ததுண்டா? அன்பியத்திற்கு இருவர் புண்ணைத் துடைக்கவும், மருந்து வேளையைக் கவனிக்கவும், இரவில் விழித்திருக்கும் மகளை ஒரு நாள் உறங்கவைக்கவும் கற்றுக்கொண்டால் போதும். அது இல்லாமல் மகனிடம் "வீட்டிற்குக் கொண்டுவா" என்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஐம்பத்துமூன்று மணி செபம் சொல்லும்போதெல்லாம் ஐம்பத்துமூன்று முறை நம் மரண வேளைக்காக மன்றாடுகிறோம். நன்மரணத்தின் பாதுகாவலரான புனித சூசையப்பருக்குப் புதன்தோறும் மெழுகுவர்த்தி ஏற்றுகிறோம். மரியாவும் இயேசுவும் அருகிருக்க அவர் இறந்தார் என்பதே அவருடைய மரணத்தை நன்மரணம் என்பதன் பொருள். அந்த நன்மையை நம் பெற்றோருக்கு மறுத்துவிட்டு, ஆனதையெல்லாம் செய்தோம் என்று இனிமேல் சொல்லாதிருப்போம்.

திருப்புலி நாட்டு மகன் அந்நிலத்தை இன்னும் மீட்கவில்லை. நம்மைக் காணும்போதெல்லாம், "சரியாகத்தானே செய்தேன், சாமி?" என்று கேட்கிறார். குற்றம் அவருடையதன்று, வழிகாட்டத் தவறிய நம்முடையது என்று அவரிடம் சொல்லிவிட்டோம். அடுத்த வீட்டில் அக்கேள்வி எழாதபடி செய்வது, இதை வாசிக்கும் உங்கள் பொறுப்பும்கூட.