மோட்டார் சைக்கிளும் பின்வண்டியும்

காய்கறி பயிரிடும் குடியானவருக்கு விளைச்சலைப் போலவே, சரக்கு சந்தைக்குப் போய்ச் சேரும் நேரமும் முக்கியமானது. விடியுமுன் இறங்கிய தக்காளிக்கும் வெயில் ஏறியபின் இறங்கிய தக்காளிக்கும் ஒரே விலை கிடைப்பதில்லை. இக்காரணத்தை முன்னிட்டு, மோட்டார் சைக்கிளின் பின்னால் இரண்டு சக்கரமுள்ள சிறு வண்டி ஒன்றை மாட்டி, மூன்று நான்கு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, 30, 40 கிலோமீட்டர் தூரம் இரவில் நெடுஞ்சாலை வழியே செல்லும் வழக்கம் சிற்சில இடங்களில் காணப்படுகிறது. இவ்வழக்கம் ஆதரிக்கத் தக்கதுதானா என்பது விவசாயிகள் நிதானமாக ஆலோசிக்க வேண்டிய விஷயமாகும்.

இதற்குச் சாதகமாகச் சொல்லப்படும் நியாயங்கள் அற்பமானவை அல்ல. அரை ஏக்கர் கத்தரி வைத்திருப்பவருக்கு ஒரு நாளில் கிடைப்பது இரண்டு மூட்டையே. அதற்காகத் தனியே ஒரு மோட்டார் வண்டியை வாடகைக்குப் பிடித்தால், கிடைக்கும் விலையில் பெரும் பகுதி வாடகைக்கே போய்விடும். மோட்டார் சைக்கிளோ வீட்டிலேயே நிற்கிறது. பின்வண்டியை அண்டை ஊர்ப் பட்டறையில் சொற்பச் செலவில் செய்துகொள்ளலாம். கணக்கு இம்மட்டோடு நின்றால் குறை சொல்வதற்கில்லை.

ஆனால் பாரத்தின் கணக்கு வேறு. மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்கள் முன்பாரம், பின்பாரம் என்பவற்றை நன்கு அறிவார்கள். முன்பாரம் மிகுந்தால் காளையின் கழுத்து புண்ணாகும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழும்பி, பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். பின்வண்டிக்கும் இதே விதிதான். மொத்தப் பாரத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு இணைப்பின்மேல் தங்கும்படி சரக்கை அடுக்க வேண்டும். பின்பாரம் மிகுந்தால், வேகம் கூடியவுடன் வண்டி இருபுறமும் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் மோட்டார் சைக்கிளையும் பற்றிக்கொள்ளும். முன்பாரம் மிகுந்தால் முன்சக்கரம் லேசாகி, கைப்பிடியைத் திருப்பினாலும் வாகனம் சரிவரத் திரும்பாது.

ஒற்றுமை இவ்வளவுதான். காளைகள் நான்கு கால்களில் நின்று நடை வேகத்தில் செல்பவை. மோட்டார் சைக்கிள் இரண்டு சக்கரத்தில் ஓடுவது. வளைவில் சாய்ந்தே திரும்ப வேண்டியது. இரண்டு சக்கரப் பின்வண்டி அவ்விதம் சாயாது. ஆகையால் மேலும் கீழும், பக்கவாட்டிலும், சாய்விலும் சுழலக்கூடிய இணைப்பு அவசியம். வெறும் கொக்கியும் ஆணியும் கொண்டு செய்த இணைப்பு வளைவில் பிடித்துக்கொண்டால் ஓட்டுபவர் கீழே விழுவது நிச்சயம். அன்றியும், இவ்வண்டிகளுக்குப் பெரும்பாலும் தனி பிரேக்கு இருப்பதில்லை. இறக்கத்தில் பிரேக்கு பிடித்தால் பாரம் முழுவதும் பின்னாலிருந்து தள்ளும். வேகம் இரட்டித்தால் பிரேக்கு பிடித்தபின் வாகனம் ஓடி நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பதையும் மறத்தலாகாது.

மோட்டார் சைக்கிள் பின்வண்டிக்கு அனுமதி உள்ள பிரிட்டனின் விதிகள் இவ்விடத்தில் கவனிக்கத் தக்கவை. அங்கே எஞ்சினின் அளவு 125 சி.சி.க்கு மேல் இருந்தாலொழியப் பின்வண்டி இழுக்கக் கூடாது. பின்வண்டியின் அகலம் 1 மீட்டருக்கு மேற்படலாகாது. சரக்கோடு கூடிய அதன் எடை, 150 கிலோ அல்லது மோட்டார் சைக்கிளின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு, இவற்றில் எது குறைவோ அதற்கு உட்பட்டிருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளின் எடை 120 கிலோ என்று வைத்துக்கொண்டால் மூன்றில் இரண்டு பங்கு 80 கிலோ ஆகிறது. வெறும் பின்வண்டியே 40 கிலோ இருக்குமானால், சரக்குக்கு மிஞ்சுவது 40 கிலோ. 50 கிலோ மூட்டை ஒன்றுகூட ஏற்ற இயலாது. அங்ஙனமிருக்க, அதே மோட்டார் சைக்கிளில் நான்கு மூட்டை இழுப்பது எத்தகைய காரியம் என்பதை விவசாயிகளே தீர்மானித்துக்கொள்ளலாம்.

சட்டத்தின் நிலையும் தெளிவானது. 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தில் பின்வண்டியும் மோட்டார் வாகனம் என்னும் சொல்லில் அடங்கும். பதிவின்றி அதைப் பொதுச் சாலையில் ஓட்டுவது குற்றம். விபத்து நேரிட்டால் இன்ஷூரன்ஸ் பணம் வருவதும் சந்தேகத்துக்கு இடமாகும். இரவில் பின்விளக்கு இல்லாத வண்டி, பின்னால் வரும் லாரிக்காரருக்கு மிக அருகில் வந்தபின்னரே தென்படும். இரண்டு மூட்டைக் கத்தரிக்காயின் இலாபத்துக்காகக் குடும்பத் தலைவரின் உயிரைப் பணயமாக வைப்பது சிக்கனமாகாது.

இதற்குப் பரிகாரம் இல்லாமலில்லை. ஒரு கிராமத்தில் ஐந்தாறு பேர் முன்னிரவில் சரக்கை ஓரிடத்தில் சேர்த்து, மூட்டைகளில் அவரவர் அடையாளமிட்டு, ஒரே சிறு சரக்கு வண்டியில் அனுப்பலாம். வாடகையை மூட்டைக் கணக்கில் பிரித்துக்கொண்டால் ஒருவருக்கும் பாரமாயிராது. முறை வைத்து ஒருவர் உடன் சென்றால், மற்றவர்களுக்கு ஒரு நாள் வேலையும் மீதியாகும். உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் உள்ள ஊர்களில் இவ்வேலையை அவையே மேற்கொள்வது உசிதம்.

பின்வண்டியை அடியோடு ஒழிக்க வேண்டும் என்பதில்லை. சொந்த நிலத்துக்குள் களத்திலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து தொழுவத்துக்கும் எரு, தீவனம், மருந்து தெளிக்கும் கருவி ஆகியவற்றை நடை வேகத்தில் கொண்டுபோக அது உதவட்டும். அப்பொழுதும் சுழலும் இணைப்பு, அது விட்டுப்போனால் தாங்குவதற்கு ஒரு சங்கிலி, இரு டயர்களிலும் சமமான காற்று ஆகிய மூன்றும் இருத்தல் வேண்டும். நெடுந்தூரப் பிரயாணத்துக்கோ, பலர் கூடிப் பிடிக்கும் ஒரே சரக்கு வண்டியே ஏற்றது.